பின் சீட்டிலிருந்து எழுதியவர்

“வண்டியிலயா இருக்கே?”

அருள்ராஜ் அண்ணன் போனில் கேட்ட முதல் கேள்வி அதுதான். இல்லைங்கண்ணா, கடையில்தான் இருக்கிறேன் என்றேன். “உக்காந்துக்கம்மா” என்றார். “செலின் போயிட்டா. காப்பி போடறேன்னு எந்திரிச்சு அடுப்படிக்குப் போனா. சத்தமே இல்ல. போய்ப் பாத்தா செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. அவ்வளவுதான்.”

மாரடைப்பு என்று டாக்டர் பிறகு சொன்னாராம். அக்காவின் முதுகைத்தான் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நின்று காவல் காத்துக்கொண்டிருந்தோம். நெஞ்சைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் எதிரில் அடுக்கியிருந்த பிரேக் லைனர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராததால் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் பலருக்குச் செலின் அக்காவை நேரில் தெரியாது, எழுத்தில் தெரியும். எங்கள் இணைய இதழில் நெடுந்தூரப் பயணத்துக்கான பெரிய பைக்குகளை ஒப்பிட்டு எழுதும்போது மேல்பாதி ‘முன் சீட்டு’, அது நான். கீழ்ப்பாதி ‘பின் சீட்டு’, அது அக்கா. நான் இன்ஜின், கியர், பிரேக், எடை என்று மூச்சுமுட்ட எழுதியிருப்பேன். நீங்கள் அதையெல்லாம் தாண்டிக்கொண்டு நேரே கீழே போவீர்கள். கமெண்ட்டிலும் அதையே எழுதுவீர்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல். உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்கு அதையெல்லாம் மன்னித்துவிட்டேன். ஏனென்றால் நானும் என் பாதியை விட்டுவிட்டு அவர் பாதியைத்தான் முதலில் படிப்பேன்.

அக்கா சேலம் டவுனில் பிறந்த கத்தோலிக்கப் பெண். அருள்ராஜ் அண்ணனைக் கட்டிக்கொண்டு நாமக்கல் வந்தார். இங்கே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவராக முப்பது வருடம் வேலை பார்த்தார். நான் விலா எலும்பைப் படம் பிடிக்கப் போனபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வண்டியோடு விழுந்திருந்தேன். “மூச்ச இழுத்துப் புடிங்க… ம், விடுங்க” என்று சொல்லி முடித்ததும், “எந்த ரோடு?” என்று கேட்டார். எந்த ஊர் என்றோ எப்படி விழுந்தாய் என்றோ கேட்கவில்லை. மோகனூர் ரோடு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். என்ன வண்டி என்று அடுத்த கேள்வி. சொன்னேன், அதைப் பற்றி எழுதுவதற்காகத்தான் ஓட்டினேன் என்றும் சொன்னேன். “பின்னால யாரு உக்காந்தா?” யாருமில்லை என்றேன். “அப்ப பாதி வண்டியப் பத்தித்தான் எழுதறே” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். விலா வலியைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஏன் ரோட்டைக் கேட்கிறார் என்பது பிறகு பழகியபோது தெரிந்தது. நாமக்கல்லில் எக்ஸ்ரே எடுக்க வருகிற முதுகுகளில் பாதி லாரி டிரைவர்களின் முதுகு. படுக்கவைத்துப் படம் எடுத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் அக்கா கேட்பார், எந்த ரோட்டில் இந்த முதுகு போச்சு என்று. ஒருவர் ராய்ப்பூர் என்பார், ஒருவர் குவாஹாட்டி என்பார். ஆனால் அதிகம் பேர் சொன்ன பெயர் நாக்பூர். “நாக்பூர் தாண்டறதுக்குள்ள இடுப்பு கழண்டுருமுங்க்கா” என்று சொல்லாத டிரைவரே இல்லையாம். அந்த ரோடு எது என்று பார்த்தால், நம் வாசலில் சேலத்துக்குப் போகிறதே, அதே ரோடு. வடக்கே வண்டியைத் திருப்பிவிட்டு விடாமல் போனால் நாக்பூர்தான். அக்காவுக்கு அது ஆச்சரியமாகவே இருந்தது. “வாசல்ல போற ரோடு கண்ணு. முப்பது வருஷமா அது எங்க போகுதுன்னு பாக்காம இருந்திருக்கேன். இருட்டு ரூமுல உக்காந்து எல்லாத்துக்கும் உள்ள பாத்தாச்சு. வெளியதான் ஒண்ணும் பாக்கல.”

வேலையை விட்டு ஓய்வுபெற்றதும் நாக்பூர் போக வேண்டும் என்றார். சிரிக்காதீர்கள். ஜனங்கள் காசிக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற வயதில் ஒரு பெண்பிள்ளை நாக்பூர் ரோட்டைப் பார்க்க ஆசைப்பட்டால் என்ன தப்பு? ரயிலில் போகலாமே என்றேன். “ரயில்ல போனா தண்டவாளத்தத்தான் பாப்பேன்.” காரில்? அங்கேதான் சிக்கல். நோயாளிகளைத் தூக்கித் தூக்கிப் படுக்கவைத்ததில் அவருடைய முதுகில் இரண்டு டிஸ்க் நகர்ந்து போயிருந்தது. கார் சீட்டில் முழங்கால் மேலே ஏறி உட்கார்ந்தால் சேலம் போவதற்குள் இடது கால் மரத்துவிடும். கால் தொங்கி, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கும். டாக்டர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: கால் மரத்துப்போனால் அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும், மரத்த காலோடு மேலே போனால் அந்தக் கால் திரும்பி வராது.

கால் தொங்கி, முதுகு நிமிர்ந்து, சாய்மானத்தோடு நாள் முழுக்க உட்காரக்கூடிய வாகனம் எது? நீங்கள் இதழின் வாசகர்கள், பதில் உங்களுக்கே தெரியும். பெரிய டூரிங் பைக்கின் பின் சீட்டு. அப்படித்தான் அக்கா என் பின்னால் வந்து உட்கார்ந்தார். உங்களுக்கு அது வண்டி ஒப்பீடு. அவருக்கு எந்த வண்டி தன்னை இரண்டு காலோடு நாக்பூர் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்கிற கேள்வி.

நம் ஜில்லாவில் இந்த மாதிரி வண்டிகள் எங்கெல்லாம் தூங்குகின்றன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கோழிப்பண்ணை ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒன்று உறை போட்டு நிற்கும். பள்ளிக்கூடத் தாளாளர் வீட்டுப் போர்ட்டிகோவில் ஒன்று. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் முதலாளிகள் வீட்டில் கிணறு துளைக்கும் ரிக் லாரிகளுக்கு நடுவில் ஒன்று. மூன்று பேரிடமும் கேட்டேன். பண்ணைக்காரரிடம் ஜெர்மன் வண்டி, தாளாளரிடம் அமெரிக்க வண்டி, ரிக் செந்திலிடம் ஜப்பான் வண்டி. செந்தில் சாவியைக் கொடுத்துக்கொண்டே, “பாத்து ஓட்டுங்க. என்ற சம்சாரத்தையே நான் இன்னும் பின்னால ஏத்துலீங்க” என்றார். எதற்காக வாங்கினாரோ!

எல்லா வண்டிக்கும் ஒரே ரோடு. நாமக்கல்லில் ஏறி, சேலம் தாண்டி, தொப்பூர்க் கணவாய் ஏறித் திரும்பி வர வேண்டும். பின் சீட்டை எப்படி அளப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் அளவுகோல் தயாராக இருந்தது. ஜெபமாலை. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: ஜெபமாலையில் சந்தோஷ இரகசியங்கள், ஒளியின் இரகசியங்கள், துக்க இரகசியங்கள், மகிமை இரகசியங்கள் என்று நான்கு பகுதி, பகுதிக்கு ஐந்து இரகசியம். மாதாவின் கதையும் இயேசுவின் கதையும் பிறப்பில் தொடங்கி மகிமையில் முடியும். நான்கையும் நிதானமாகச் சொல்லி முடிக்கத் தொப்பூர் வந்துவிடும். எந்தப் பகுதியில் இடுப்பு முதன்முதலாக நகரச் சொல்கிறதோ, அதுதான் அந்த வண்டிக்கு மதிப்பெண்.

“மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா அக்கா? சீட்டு அளக்கறதுக்குப் போய் ஜெபம் சொல்றீங்க.”

“அவங்க ஏன் கோவிச்சுக்கறாங்க? நெறமாசத்துல கழுத மேல பெத்லகேம் போனவங்க. சீட்டப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா?”

ஜெர்மன் வண்டி முதலில். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ஏறி இறங்குகிறது, சீட்டு சூடாகிறது. சித்திரை மாதத்தில் நாமக்கல்லில் சீட்டைச் சூடாக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறானே என்று அக்கா சிரித்த சிரிப்பில் பண்ணைக்காரரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இதுதான் ஜெயிக்கும் என்று அக்கா ஏறும்போதே பந்தயம் கட்டினார். எனக்கும் முன் சீட்டில் சொர்க்கமாகத்தான் இருந்தது. ஒரு பொட்டுக் காற்று முகத்தில் படவில்லை. தொப்பூரில் இறங்கியதும் பார்க்கிறேன், அக்காவின் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. என் முகத்தில் படாத காற்று முழுக்க என் தலைக்கு மேலே ஏறி அவர் ஹெல்மெட்டில் இறங்கியிருக்கிறது. “துக்கத்துலயே கழுத்து போயிருச்சு கண்ணு. மகிமைக்கு வரவே இல்ல.” தன் பந்தயம் தோற்றதை அன்றைக்கே பின் சீட்டுப் பாதியில் எழுதினார்.

அமெரிக்க வண்டி சோபா மாதிரி. பின் சீட்டுக்குக் கைவைத்துக்கொள்ளக்கூட இடம் இருந்தது. அக்கா மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்தார். சிக்னலில் நின்றால் வண்டி முழுக்கக் குலுங்கும். “உள்ள யாரோ மாவாட்டறாங்க” என்றார். அதுகூடப் பரவாயில்லை. இன்ஜின் சூடுதான் தாங்கவில்லை. மகிமை இரகசியங்களை முழுதாகச் சொல்லி முடித்தார், இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கெண்டைக்கால் இரண்டும் வெந்துபோயிருந்தது. மார்கழி மாதம் குளிர் தேசத்தில் ஓட்டினால் அருமையான வண்டி என்று எழுதினார். தாளாளர் அந்த வரியைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது ஜப்பான் வண்டி. இதைப் பற்றி நான் முன் சீட்டில் அளந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரியான இன்ஜின், பின்பக்கமாக நகர்த்தத் தனிக் கியர். கணவாயிலிருந்து திரும்பி இறங்கும்போது என் முதுகில் ‘டொக்’கென்று ஒன்று இடித்தது. அக்காவின் ஹெல்மெட். கூப்பிட்டேன், பதில் இல்லை. தொப்பூர் இறக்கத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஓரங்கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. எப்படியோ நிறுத்தித் திரும்பினால், அக்கா இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்துச் சாய்ந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

கத்தினேன். ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். “விழுந்திருந்தா என்னாயிருக்கும்? அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?” அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். “போறப்ப நாலும் முடிச்சாச்சு. திரும்பறப்ப மறுபடி ஆரம்பிச்சதுல சந்தோஷத்துலயே கண்ணு சொக்கிருச்சு. ரெண்டாம் இரகசியம் தாண்டல.” அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இடுப்புல வலியே தெரியல பாரேன்!” என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வாயே வரவில்லை. தான் நாக்பூர் போய்விடலாம் என்று அவருக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது.

ஆக வண்டி எது என்று தெரிந்துவிட்டது. தூங்காமல் இருக்க ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் கருவி மாட்டினோம். ஜெபத்தை மனதுக்குள் சொல்லாமல் வாய்விட்டுச் சொல்வது, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இறங்கி நடப்பது என்று ஏற்பாடு. இது டிரைவர்கள் சொன்ன யோசனை. “சீட்டால முதுகு போறதில்ல கண்ணு, இறங்காததால போகுது” என்று அக்கா எனக்கு விளக்கம் சொன்னார். செந்தில் வண்டியைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. தன் காரை எடுத்துக்கொண்டு, அருள்ராஜ் அண்ணனை ஏற்றிக்கொண்டு, பின்னாலேயே வந்தார். வண்டி மேல் பாசமா, அக்கா மேல் பாசமா என்று கேட்டேன். “ரெண்டும்தானுங்க” என்றார்.

தை மாதம் கிளம்பினோம். இரண்டு நாள் ஒரு குறையுமில்லை. பெங்களூரு தாண்டினோம், ஹைதராபாத் தாண்டினோம். மூன்றாம் நாள் ஆதிலாபாத்தை நெருங்கும்போது ஜெபம் நின்றது. தூக்கமோ என்று நான் அதட்ட வாயெடுத்தேன். “ஓரங்கட்டு கண்ணு” என்று நிதானமாகச் சொன்னார். “சுண்டுவெரலு மரத்துப்போச்சு.”

ரோட்டோரத்தில் ஒரு தாபா இருந்தது. வாசலில் கயிற்றுக் கட்டில்கள். அக்காவைத் தூக்காத குறையாக ஒன்றில் படுக்கவைத்தோம். நாக்பூர் அங்கிருந்து அரைநாள் தூரம். செந்தில் சமாதானமாகச் சொன்னார்: “கார்ல பின் சீட்ட மடக்கி மெத்த போட்டர்றேனுங்க. படுத்துக்கிட்டே போயிரலாம். நாக்பூர் பாத்த மாதிரியும் ஆச்சு.” அக்கா, “படுத்துக்கிட்டுப் போனா காரோட கூரையத்தான் பாப்பேன்” என்றார். அதுவரை வாயே திறக்காத அருள்ராஜ் அண்ணன் எழுந்து நின்றார். அந்த மனிதர் சத்தம் போட்டு நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. “இதுக்கு மேல ஒரு அடி கெடையாது. உனக்கு ரோடு பெருசா, காலு பெருசா? ஊட்டுக்குப் போலாம்.” அக்கா அவரையே பார்த்தார். “நாளைக்குக் காலைல காலு எந்திரிச்சாப் போவோம். எந்திரிக்கலீன்னா நீங்க சொல்றபடி. ஒரு வார்த்த பேச மாட்டேன்” என்றார்.

மற்றவர்களாக இருந்தால் அந்தப் பகல் முழுக்க அழுதிருப்பார்கள். அக்கா கட்டிலை ஆராய்ந்தார். தோளுக்கு ஒரு இழுவை, இடுப்புக்கு ஒரு இழுவை, கால்மாட்டில் தனிக் கயிறு, தளர்ந்தால் அதை மட்டும் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். தாபாக்காரரைக் கூப்பிட்டு, பாஷை தெரியாமல் கையாலேயே கேட்டு, எப்படிப் பின்னுவது என்று தெரிந்துகொண்டார். கால் என்னாகுமோ என்று நாங்கள் மூன்று பேரும் செத்துக்கொண்டிருக்கிறோம், அந்தம்மா கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர் மேல் வந்த எரிச்சலும் பாசமும் ஒன்றாகத்தான் வந்தது.

காலையில் அருள்ராஜ் அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். “கண்ண மூடு” என்றார். ஒவ்வொரு விரலாகத் தொட்டார். எந்த விரல் என்று அக்கா சொல்ல வேண்டும். பெருவிரல் என்றார், சரி. அடுத்தது, சரி. நடுவிரல், சரி. அண்ணன் வேண்டுமென்றே மாற்றி மாற்றித் தொட்டார், அக்கா மாறாமல் சொன்னார். கடைசியில் சுண்டுவிரலை, சும்மா ஒரு பூ படுகிற மாதிரி தொட்டுவிட்டுக் கையை எடுக்காமல் காத்திருந்தார். செந்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சுண்டுவெரலு” என்றார் அக்கா. “ஏன் இவ்வளவு மெதுவாத் தொடறீங்க?”

அண்ணன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஹெல்மெட்ட எடு” என்று என்னிடம் சொன்னார்.

நாக்பூருக்குச் சற்று முன்னால், ரோட்டை ஒட்டி, தமிழில் போர்டு வைத்த சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. நம்மூர் லாரிகள் வரிசையாக நிற்கும். உள்ளே போய் உட்கார்ந்ததும், தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கை கழுவாமல் எழுந்துவிட்டார். “எக்ஸ்ரே அக்கா! நீங்க எங்கீங்க இங்க?” நாமக்கல் பக்கத்துப் பரமத்திக்காரராம். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார், தெரியவில்லை. திரும்பச் சொல்லி முதுகைப் பார்த்தார். “கீழ இருந்து நாலாவது எலும்பு” என்றார். கடையே சிரித்தது. அந்த மனிதர் வாசலைக் காட்டி, “எந்த ரோடுன்னு கேட்டீங்களே, இதுதானுங்க்கா” என்றார்.

அக்கா வெளியே போய் ரோட்டோரத்தில் நின்றார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வடக்கே ஒருமுறை, தெற்கே ஒருமுறை பார்த்தார். அதே தார், அதே வெள்ளைக்கோடு. “ரோடு நல்லாத்தானேப்பா இருக்குது!” என்றார்.

“இது இப்பப் போட்டதுங்க்கா. நாங்க இடுப்ப ஒடிச்சுக்கிட்டது பழசு.”

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழைய ரோடு எந்தப் பக்கம் போனது, எங்கே பள்ளம், மழைக்காலத்தில் எங்கே நிற்பீர்கள் என்று அங்கேயே நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார். சாப்பாடு ஆறிப்போனது.

திரும்பி வந்து எழுதிய ஒப்பீட்டில் அவர் கொடுத்த தீர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். நெடுந்தூரப் பயணத்துக்கு மிகச் சிறந்த இருக்கை ஆதிலாபாத் தாபாவின் கயிற்றுக் கட்டில், இரண்டாவது இடம் ஜப்பான் வண்டி. செந்தில் எனக்குப் போன் செய்து புலம்பினார்: “என்ற வண்டியக் கொண்டு போயிக் கட்டலோட கம்பேர் பண்ணிப்போட்டீங்களேங்க! சொந்தக்காரனெல்லாம் சிரிக்கறானுங்க.” ஆனால் அடுத்த வாரமே ஒரு கட்டில் பின்னி அக்கா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டது அவர்தான்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே லாரி நிறுத்த இடமில்லை. எந்தெந்த ரோட்டிலிருந்தோ டிரைவர்கள் வந்திருந்தார்கள். குழிக்குள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். குனிந்து மண்ணெடுத்த பலர், இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்கள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

போன வாரம் புதிதாக ஒரு வண்டி சோதனைக்கு வந்தது. இதழில் கேட்டார்கள், இனிமேல் பின் சீட்டுப் பாதியை எடுத்துவிடலாமா என்று. எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம், நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். செந்திலைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லி, பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இத்தனை வண்டி ஓட்டியிருக்கிறேன், ஒருநாளும் பின் சீட்டில் உட்கார்ந்ததில்லை. நாமக்கல் தாண்டியதும் ஒன்று தெரிந்தது. அங்கிருந்து ரோடு தெரியாது. எனக்கு முன்னால் இருந்தது செந்திலின் முதுகு, அதற்கு மேலே அவர் ஹெல்மெட். பக்கவாட்டில் திரும்பினால் மரம், கடை, வயல் எல்லாம் உண்டு. எதிரில் வருவது மட்டும் தெரியாது.

நான் உயரம். அக்கா என் தோளுக்குக்கூட வர மாட்டார்.

நாக்பூர் போகிற வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜெபத்துக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்பார், “முன்னால என்ன கண்ணு வருது?” பேச்சுத்துணைக்குக் கேட்கிறார், தூக்கம் வராமலிருக்கக் கேட்கிறார் என்று நினைத்து, “ரோடுதாங்க்கா வருது” என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அந்த ரோட்டைப் பார்க்கத்தான் அவர் வந்தார். காலைப் பணயம் வைத்து வந்தார். அத்தனை தூரமும் அவருக்கு முன்னால் இருந்தது என் முதுகு. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டுக்கொண்டே வந்தார், அவ்வளவுதான்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், பின் சீட்டை வைத்துக்கொண்டேன். அங்கே உட்கார்ந்தால் என்ன கேட்க வேண்டும் என்பதையும் வைத்துக்கொண்டேன்.

“முன்னால என்னங்க வருது?” என்று செந்திலைக் கேட்டேன்.

“ரோடுதானுங்க வருது” என்றார்.

“எப்படிப்பட்ட ரோடு? சொல்லுங்க” என்றேன். அவர் சொல்ல ஆரம்பிக்கும்வரை விடவில்லை.